முதற்போகத்தில் வயலில் இறங்குவோரைக் காத்தல்

பெரும்போக மழை தொடங்கும் ஒக்டோபர் மாதத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் புதியவர் சிலர் வயலில் இறங்குகின்றனர். க.பொ.த. பரீட்சை எழுதிவிட்டுத் தந்தையாருடன் வரும் மகன், பட்டணத்து வேலை இல்லாமற்போகவே ஊர் திரும்பியவர், மிளகாய்த் தோட்டத்தில் நாட்கூலிக்குச் சேர்ந்த அயலூர்ப் பெண் என இவர்கள் பலதிறத்தினர். விதைநெல், பசளை, நீர்ப்பாய்ச்சல் என்பவற்றைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கமக்காரர், உயிருக்கு ஊறு விளைக்கக்கூடியவற்றைப் பற்றி ஒரு வார்த்தையேனும் சொல்வது அரிது. அலட்சியத்தினால் அவர் சொல்லாதிருக்கின்றார் என்று கூறுவதற்கில்லை. இருபது முப்பது வருடம் சேற்றில் நடந்தவருக்கு எச்சரிக்கை கால்களிலேயே ஊறிவிடுகின்றது. எங்கே மிதிக்கக்கூடாது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலால் அதைப் பிறருக்குச் சொல்லவும் தோன்றுவதில்லை.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிற்சாலையில் ஓடும் இயந்திரத்துக்குத் தகுந்த மறைப்பு இருக்கின்றதா என்று பரிசோதகர் வந்து பார்ப்பார். வயல் வரம்புக்கு அவ்வாறு வந்து பார்ப்பவர் எவருமிலர். அங்கே கமக்காரரே பரிசோதகர். ஆகவே இத்துண்டுப் பிரசுரம் புதியவரை நோக்கி எழுதப்பட்டதன்று. அவரை வேலைக்கு அழைத்துச் செல்லும் கமக்காரரை நோக்கியே எழுதப்பட்டது.

முதலில் வயதைப் பற்றி ஒரு சொல். 2021 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி 16 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்தல் ஆகாது. 18 வயது நிறையாதவரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, பதினாறு வயதுப் பையனின் முதுகில் நஞ்சு நிறைந்த தெளிகருவியை ஏற்றிவிட்டுத் தாம் வரம்பில் நின்று பார்ப்பது எந்தக் கமக்காரருக்கும் அழகன்று.

புதியவரின் உடல்

புதியவர் இளைஞராகவும் பலசாலியாகவும் இருக்கலாம். எனினும் வெயிலிற் குனிந்து நின்று வேலை செய்வதற்கு அவ்வுடல் பழகவில்லை. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை செல்லும். அதற்கிடையில், பழகியவருக்கு இணையாகக் களை பிடுங்க வேண்டுமென்ற ரோசத்தினால் அவர் நிழலுக்கும் போகமாட்டார், தண்ணீரும் கேட்கமாட்டார். முதல் நாளில் அரைநாள் வேலையே போதும். பின்னர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுக. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது கால் லீற்றர் அளவு, தண்ணீர் குடிக்கச் செய்தல் வேண்டும். கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்து கொண்டுபோதல் நன்று. தலைச்சுற்று, குமட்டல், கெண்டைக்காற் பிடிப்பு என்பன கண்டால் உடனே நிழலில் இருத்திக் குடிக்கக் கொடுக்கவும். பேச்சுத் தடுமாறினாலோ நினைவு தளர்ந்தாலோ அது வெறுங் களைப்பன்று. ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி, விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். நினைவு தளர்ந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது.

பாதத்தையும் கையையும் கவனித்துப் பார்க்கவும். பழைய கமக்காரரின் உள்ளங்கை காய்த்திருக்கும். புதியவரின் கையோ முதல்நாள் மாலையிலேயே கொப்புளங் கண்டு, மறுநாள் உடையும். இதைச் சிறு நோவென்று பலரும் சிரித்துவிடுகின்றனர். அந்த உடைந்த கொப்புளம் எதற்கு வாயிலாகின்றது என்பதை அறிந்தால் எவருஞ் சிரிக்கமாட்டார்.

எலிக்காய்ச்சல்

எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீருடன் லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா வெளிவருகின்றது. அது வயல் நீரிலும் ஈரச் சேற்றிலும் நாட்கணக்காக, சில வேளைகளில் வாரக்கணக்காக, உயிரோடிருக்கும். தோலிலுள்ள காயத்தின் வழியாகவும், நீரில் ஊறி மெலிந்த தோலின் வழியாகவும், கண், மூக்கு, வாய் என்பவற்றின் மெல்லிய சவ்வின் வழியாகவும் அது உடலிற் புகும். கொப்புளம் உடைந்த கையுடனும் கோரைப்புல் கீறிய காலுடனும் சேற்றில் இறங்கும் புதியவருக்கே ஆபத்து அதிகம் என்பது இதனால் விளங்கும்.

2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்டனர். 2024 நவம்பர் மாதப் பெருவெள்ளத்தை அடுத்து, டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இக்காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். ஈரவலயத்து நோய் என்று இதனை இனி ஒதுக்கிவிட முடியாது.

சேற்றில் இறங்கும்போது நீண்ட இறப்பர்ச் சப்பாத்து அணிக என்று சொல்லிவிடுதல் எளிது. முழங்காலளவு சேற்றில் நாற்று நடுபவர் அதனை அணிந்து நடக்கமுடியாது என்பதை வயலில் நின்ற எவரும் அறிவர். ஆதலால் வரம்பு வெட்டல், வாய்க்கால் துப்புரவாக்கல், பட்டி எருவை அள்ளுதல் முதலிய வேலைகளுக்குச் சப்பாத்தையும், சேற்று வேலைக்குக் காயத்தை மறைத்தலையும் கைக்கொள்ளல் வேண்டும். வேலைக்கு இறங்குமுன் கையையும் காலையும் பார்த்து, கீறலையும் கொப்புளத்தையும் நீர் புகாத ஒட்டுப்பட்டியினால் மூடுக. ஆழமான காயமுள்ளவருக்கு அன்று வரம்பின் மேல் வேலை கொடுக்கவும். வயல் நீரில் முகங் கழுவுதல், வாய் கொப்பளித்தல் கூடாது. கரையேறியவுடன் சுத்தமான நீரினாலும் சவர்க்காரத்தினாலும் கழுவுதல் வேண்டும். எலி வளையுள்ள வரம்புகளை வெட்டிச் செப்பனிட்டுப் புற்களை அகற்றுவது பயிருக்கும் நல்லது, வேலையாளுக்கும் நல்லது. மதிய உணவுப் பொதியை வரம்பில் வைக்காமல் மரத்திற் கட்டித் தொங்கவிடவும்.

நோய் மிகுந்து காணப்படும் பகுதிகளில், வயலில் இறங்குமுன் தொடங்கி வாரம் ஒருமுறை உட்கொள்வதற்கு டொக்சிசைக்கிளின் என்னும் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தினர் வழங்குகின்றனர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். கர்ப்பிணிகளும், சிறுவர்களும், வேறு மருந்து உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாமல் இதனை எடுக்கலாகாது. அன்றியும், மாத்திரை எடுத்தவருக்குக் காய்ச்சலே வராது என்றும் எண்ணலாகாது.

நீரிற் பட்ட நாளிலிருந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், சில வேளை ஒரு மாதங் கழித்தும், நோய் வெளிப்படும். இங்கேதான் தவறு நேருகின்றது. அதற்குள் நடுகை முடிந்து, கூலிக்கு வந்தவர் தம் ஊருக்குப் போய்விடுவார். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் நோவு, கண் சிவத்தல் என்பவற்றைப் புதுவேலையின் உடம்பு உளைச்சல் என்று எண்ணி இரண்டு பனடோல் விழுங்கிப் படுத்திருப்பார். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, மூச்சுத் திணறும்போதே வைத்தியசாலையை நினைப்பார். உரிய வேளையிற் சென்றால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளாலே குணமாகும் இந்நோய், பிந்தினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கி உயிரைக் கொள்ளும். ஆகவே கூலி கொடுத்து அனுப்பும்போது, “ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் உடனே ஆசுபத்திரிக்குப் போ, வயலில் நின்றேன் என்று வைத்தியரிடம் சொல்” என்று கூறி அனுப்புதல் கமக்காரர் கடன். வைத்தியர் கேளாவிட்டாலும் அதனைச் சொல்லச் செய்க. கடையில் வாங்கும் பலமான வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

பீடைநாசினி

வேலைக்குப் புதியவரிடமே தெளிகருவியைக் கொடுப்பது எம்மூர்களில் வழக்கமாகிவிட்டது. 16 லீற்றர் நீர் நிறைந்த கருவி பாரமானது, முதியவருக்கு முதுகு வலிக்கின்றது, இளைஞனுக்கு அது விளையாட்டுப்போல் இருக்கின்றது என்பன காரணங்கள். இவ்வழக்கம் மாறவேண்டும். தெளித்தல் பண்ணையில் நடைபெறும் வேலைகளுள் மிகுந்த அறிவை வேண்டுவது. அதனைக் கடைசியாகக் கற்றுக்கொடுத்தலே முறை.

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவு செய்யப்படாத பீடைநாசினியை விற்றல் குற்றமாகும். மிகக் கொடிய நஞ்சுகள் பல காலத்துக்குக் காலம் விலக்கப்பட்டன. 1984 இல் பரதையனும், 1995 இல் மொனொகுரோட்டொபொசு, மெதமிடொபொசு என்பனவும், 1998 இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. பரகுவாட்டு 2008 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. இத்தடைகளின் பின் நஞ்சுண்டு இறப்போர் தொகை இந்நாட்டில் வெகுவாகக் குறைந்தது. எனினும், இப்போது கடையிலிருப்பன யாவும் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது. இரகசியமாகக் கொண்டுவந்து விற்கப்படும் சுட்டுத்துண்டு இல்லாத போத்தலோ, பழைய வீட்டுப் பரணில் எஞ்சிக்கிடக்கும் போத்தலோ எதுவாயினும் அதைத் தொடவே வேண்டாம். எமது நிலையத்துக்கு அறிவிக்கவும்.

சுட்டுத்துண்டின் அடியிலுள்ள நிறப்பட்டையைப் புதியவருக்குக் காட்டுக. சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்பன முறையே அதனிற் குறைந்த நச்சுத்தன்மையைக் காட்டுவன. பச்சைப் பட்டையுள்ளதைக் கையினாற் கலக்கலாம் என்பது இதன் பொருளன்று.

எல்லாவற்றிலும் ஆபத்து மிகுந்த கணம் தெளிக்கும் வேளையன்று, கலக்கும் வேளையே. ஏனெனில் அப்போது நஞ்சு நீரிற் கரையாமல் முழு வலுவுடன் இருக்கின்றது. தெளிக்கும்போது உடலிற் படும் பல துளிகளுக்குச் சமமான நஞ்சு, கலக்கும்போது விரலிற் சிந்தும் ஒரு துளியில் இருக்கலாம். ஆகையால் கலத்தலைப் பழகிய கமக்காரரே செய்தல் வேண்டும். இறப்பர்க் கையுறையும் கண்மறைப்பும் அணிந்து, காற்றோட்டமுள்ள வெளியில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரத்தே நின்று, அளவுக் குவளையால் அளந்து ஊற்றித் தடியினாற் கலக்குக. போத்தல் மூடியினால் அளப்பதை விட்டுவிடவும். மூடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அளக்கும்போது விரலும் நனைகின்றது.

தெளிகருவியை முதலில் வெறுந் தண்ணீரால் நிரப்பி, ஒழுக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். மூடியின் வளையமோ குழாயின் பூட்டோ தளர்ந்திருந்தால், வேலை முடியும்வரை முதுகும் இடுப்பும் நஞ்சில் ஊறும். அவ்வாறு நனைந்த சட்டையுடன் நாள் முழுவதும் நின்றவர், வாயால் ஒரு துளியும் விழுங்காமலே நஞ்சேறி விழுவதுண்டு. தோல் நஞ்சை உறிஞ்சும். உச்சி வெயிலில், வியர்வையினால் நனைந்த தோலில், அது மேலும் விரைவாக உறிஞ்சப்படும். ஆகவே காலையிலேனும் மாலையிலேனும், காற்று மெதுவாக வீசும்போது தெளிக்கவும். காற்றை முகத்துக்கு எதிரே கொண்டு நடக்கலாகாது. தெளித்த இடத்தினூடே திரும்பி நடவாதபடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து, தெளிக்காத பக்கத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போதல் முறை. நீண்ட கைச்சட்டை, நீண்ட காற்சட்டை, தொப்பி, முகமூடி, சப்பாத்து என்பன அணிதல் வேண்டும். காற்சட்டைக் காலைச் சப்பாத்தின் உள்ளே செருகாமல் வெளியே விடுக. உள்ளே செருகினால் வழியும் துளிகள் சப்பாத்துக்குள் இறங்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் தெளிப்பவரைக் காணும்போது, பூச்சியைவிட அவரே நஞ்சை அதிகம் பெறுகின்றார் என்று எண்ணத் தோன்றுகின்றது.

தெளிமுனை அடைபட்டால் வாயால் ஊதுவது புதியவர் இயல்பாகச் செய்யும் செயல். அதனை முன்னரே தடுத்து, நீரில் அலசி மெல்லிய தூரிகையால் துப்புரவாக்கக் காட்டிக்கொடுக்கவும். தெளிக்கும் இடைவேளையில் பீடி பற்றுதலும் வெற்றிலை போடுதலும் நஞ்சை வாய்க்கு நேரே கொண்டுசெல்லும். கை கழுவாமல் சிறுநீர் கழிக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து வேறு உடை உடுத்திய பின்னரே வீட்டுக்குட் போதல் வேண்டும். அவ்வுடைகளைக் குழந்தைகளின் உடைகளுடன் சேர்த்துத் துவைக்கலாகாது. இவ்வுடைகளைத் துவைக்கும் பெண்களுக்கும் கையுறை வேண்டும்.

வெறுமையான போத்தலை மூன்றுமுறை நீர்விட்டு அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளைத்துவிடவும். எஞ்சிய நாசினியைச் சோடாப் போத்தலிலோ மென்பானப் போத்தலிலோ ஊற்றி வைத்தல் கொலைக்கு ஒப்பாகும். தாகத்துடன் வந்த புதியவரோ வீட்டுக் குழந்தையோ அதனை எடுத்துக் குடித்தால் யாரைக் குறைகூறுவது? மூலப் போத்தலிலேயே வைத்துப் பூட்டி வைக்கவும்.

தெளித்தவருக்குத் தலைவலி, மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், வாந்தி, கண் மங்கல், தசை துடித்தல், நெஞ்சு இறுகல் என்பவற்றுள் எது தோன்றினும் வேலையை அக்கணமே நிறுத்தவும். நனைந்த உடையைக் களைந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவும். கழுவுபவர் தாமும் கையுறை அணிதல் நன்று. கண்ணிற் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவவேண்டும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. இளநீர், பால், தேசிக்காய்ச்சாறு என்பன நஞ்சை முறிக்கும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. அவற்றைத் தேடி ஓடும் நேரத்தில் உயிர் போய்விடும். போத்தலையோ அதன் சுட்டுத்துண்டையோ மறவாமல் கொண்டுபோகவும். எந்த நஞ்சு என்று தெரிந்தால் வைத்தியர் உரிய மருந்தை உடனே தொடங்குவார்.

இயந்திரங்கள்

இருசில்லு உழவு இயந்திரத்தை எம்மவர் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர். சமதரையில் அது சொன்னபடி கேட்கும். ஆனால் குளக்கட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ பெட்டியுடன் இறங்கும்போது அதன் குணம் மாறும் என்பதைப் புதியவருக்கு எவரும் சொல்வதில்லை. சமதரையில் இடப்பக்கத்துத் திருப்புபிடியை அழுத்தினால் இடச்சில்லு வலுவிழந்து இயந்திரம் இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ இயந்திரம் சில்லைத் தள்ளுவதில்லை, பாரமே தள்ளுகின்றது. அப்போது இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு தடையின்றி முந்திச் சுழல, இயந்திரம் வலப்புறம் திரும்பும். பள்ளத்தை விட்டு விலக எண்ணியவர் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிடுவார். ஆதலால் இறக்கத்திற் குறைந்த கியரில், திருப்புபிடியைத் தொடாமல், கைப்பிடியைத் தோளின் வலுவால் திருப்பியே செலுத்துதல் வேண்டும். இதனை வெறும் பெட்டியுடன் ஒருநாள் பழக்கிய பின்னரே நெல் மூடை ஏற்றிச் செல்ல விடவும்.

பின்னோக்கிச் செலுத்தும்போது கைப்பிடி மேலெழும்பும். மரத்துக்கோ சுவருக்கோ முதுகைக் கொடுத்து நிற்பவர் நசியுண்பார். சுழலும் உழுபல்லுகளிற் சிக்கிய வைக்கோலை எடுக்க எஞ்சினை நிறுத்திய பின்னரே குனியவேண்டும். சாரம், சேலைத் தலைப்பு, கழுத்துத் துவாய், அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் சூடடிக்கும் இயந்திரத்தை அணுகலாகாது. கதிரை ஊட்டும் வாயிலிற் கையை நுழைத்துத் தள்ளுதலையும் விலக்குக. இரவு சூடடிப்பில் நித்திரை மயக்கமே முதற் பகை. பத்து மணித்தியாலம் நின்ற பையனை ஊட்டும் இடத்தில் விடலாமா என்பதைக் கமக்காரரே யோசிக்கட்டும்.

துருப்பிடித்த கருவியாலோ ஆணியாலோ வெட்டுண்டால், காயத்தைக் கழுவி ஏற்புவலித் தடுப்பூசிக்கு வைத்தியசாலைக்கு அனுப்பவும்.

கிணறு

மரக்கறிச் செய்கையாளர்க்கு இதனை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கின்றது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது, நீரிறைக்கும் எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றின் உட்படியில் இறக்கி ஓடவிடுவதுண்டு. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் அது தேங்கி நிற்கும். எஞ்சின் நின்றுவிட்டதே என்று பார்க்க இறங்குபவர் சில மூச்சில் மயங்கி நீரில் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே விழுவார். ஒரு குடும்பத்தில் இருவர் மூவர் ஒருங்கே மாள்வது இவ்வாறுதான். எரியும் விளக்கை இறக்கிப் பார்த்தல் பிராணவாயு குறைந்திருப்பதைக் காட்டலாம். ஆனால் காபனோரொட்சைட்டைக் காட்டாது. விளக்கு எரியும் கிணற்றிலும் மனிதன் இறப்பான். எரிபொருளால் ஓடும் எஞ்சினை ஒருபோதும் கிணற்றுள் இறக்க வேண்டாம். மேலிருந்து குழாயால் இழுக்கமுடியாத ஆழமாயின், நீரில் அமிழ்ந்து ஓடும் மின் நீரிறைப்பியே தக்கது. கிணறு இறைத்துச் சேறு அள்ளுவதாயினும், இடுப்பிற் கயிறு கட்டி, மேலே இருவர் கயிற்றைப் பிடித்து நிற்க இறங்குதல் வேண்டும். கீழே ஒருவர் மயங்கினால், மேலே நிற்பவர் கயிற்றால் இழுக்கவேண்டுமேயன்றிப் பின்னால் இறங்கலாகாது.

பாம்பு, மின்னல், மின்கம்பி

அறுவடைக் காலத்திற் புடையன் கடிப்பது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே. வைக்கோலைக் கையால் அள்ளுமுன் தடியினாற் புரட்டவும்; அந்திக்குப் பின் வரம்பில் நடப்பவர் விளக்குக் கொண்டு போகவும். காவற்குடிலில் தரையிற் படுப்பவரைக் கண்டங்கருவளை இரவிற் கடிக்கும். அக்கடியில் நோவும் வீக்கமும் இல்லாதிருக்கலாம். வயிற்றுநோவுடனும் இமை தூக்கமுடியாமலும் விழித்தெழுவார். உயரமான பரணில் நுளம்புவலையைப் பாயின் கீழ் நன்கு செருகிப் படுப்பதே காவல். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமற் கட்டி, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுக. இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் மூன்றும் தீங்கானவை. பரியாரியாரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று தாமதித்தலும் அவ்வாறே. நச்செதிர் ஊசிமருந்து வைத்தியசாலையிலேயே உண்டு. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமுழக்கம் மிகுதி. முதல் இடி கேட்டதும் வயலை விட்டுச் சுவரும் கூரையுமுள்ள கட்டடத்துக்குப் போகவும். தனிமரத்தின் கீழும் திறந்த குடிலிலும் ஒதுங்குதல் கூடாது. மண்வெட்டியைத் தோளிற் கொண்டு வரம்பில் ஓடவும் வேண்டாம். கடைசி இடியின் பின் 30 நிமிடம் பொறுத்தே திரும்புக.

பன்றிக்காக வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுதல் சட்டவிரோதம். அயலவர் அவ்வாறு செய்திருப்பதை ஊரவர் அறிவர். நேற்று வந்த கூலியாள் அறியார். முதல் நாளே வயலின் எல்லைகளைச் சுற்றி நடந்து, கட்டில்லாத பாழ்கிணறு, மின்கம்பி, பாம்புப்புற்று யாவற்றையும் அவருக்கு நேரிற் காட்டவும்.

சொல்லிக்கொடுக்கும் முறை

“விளங்கிச்சுதோ தம்பி?” என்று கேட்டால், விளங்காதவனும் “ஓம் அண்ணை” என்றே சொல்வான். தெரியாது என்பதற்கு வெட்கம், வேலை போய்விடும் என்ற பயம் ஆகிய இரண்டும் அவன் வாயை அடைக்கின்றன. ஆகையால் கேட்பதைவிடச் செய்துகாட்டச் சொல்லுதல் மேல். எஞ்சினை நிறுத்திக் காட்டு, தெளிகருவியின் ஒழுக்கைக் கண்டுபிடி, காயத்தை மூடிக் காட்டு என்று சொல்லிப் பார்க்கவும். முதல் இரு வாரம் பழகிய ஒருவரைக் கூடவே விடுக. இவ்வேலை எனக்குப் பயமாயிருக்கின்றது என்று ஒருவர் சொன்னால், அதனைக் கேலி செய்தவரை அடக்கிச் சொன்னவருக்கு வேறு வேலை கொடுக்கவும். அன்று கேலிக்கு ஆளானவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார்.

வயலுக்குப் போகும் பையில் சவர்க்காரம், ஒட்டுப்பட்டி, குடிநீர், தூய துணி, மின்கலம் நிரம்பிய தொலைபேசி என்பன இருத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும். வயலுக்கு விலாசம் இல்லாமையால், வண்டி வந்து நிற்கக்கூடிய சந்தி, கோயில், பாடசாலை அல்லது குளக்கட்டின் பெயரைப் புதியவருக்கு முன்கூட்டியே பாடமாக்கிக் கொடுக்கவும். ஒருவர் அச்சந்தியிற் போய் நின்று வண்டிக்கு வழி காட்டுதல் வேண்டும்.